பிள்ளையார் படம் போட்ட லக்ராஸ் அழைப்பிதழ்

1999 ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனிலிருந்து புறப்பட்டோம். எட்டு மணிக்கே புறப்படுவதாகத்தான் பேச்சு. நான் எட்டுக்கே தயாராகி, இடப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். அமெரிக்கா வந்து மூன்றாவது வாரம். இங்கே ஓட்டுகிறவர் இடப்பக்கம் உட்காருவார் என்பது என் மூளைக்கு எட்டிவிட்டது. கால்களுக்கு இன்னும் எட்டவில்லை. மச்சினன் சண்முகம் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினான்.

"நீங்களே ஓட்டறீங்களா மாமா? லைசென்ஸ் இருக்குங்களா?"

இறங்கிச் சுற்றி வந்தேன். மீதி நேரம், மறுநாள் சாப்பாட்டைப் பற்றி அவன் தன் மனைவி மாலதியிடம் சொன்னதையே திருப்பிச் சொன்னதில் கழிந்தது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பதினைந்து பேர். "எல்லாம் தெரியும், கிளம்புங்க" என்று அவள் நான்கு முறை சொன்ன பிறகு வண்டி நகர்ந்தது.

சண்முகம் என் மனைவியின் தம்பி. எழுபத்தைந்தில் அமெரிக்கா வந்தவன், ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். நான் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். என் மகளுக்குப் பிரசவ நேரம். பிரசவ வீட்டில் என்னால் ஆகக்கூடிய காரியம் ஒன்றுமில்லை என்று பெண்கள் கூடிப் பேசி என்னை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். இடைஞ்சலாக இருக்கிற ஒருவரைச் சத்தியமங்கலத்துக்கு அனுப்பினாலே போதும். ஆனால் டிக்கெட்டை மச்சினன் எடுத்திருந்தான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் சண்முகத்தின் ஒரே மகள் வித்யா. பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். கல்லூரிப் பெண்கள் லக்ராஸ் அணியில் இருக்கிறாள். சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் இன்னொரு கல்லூரியோடு ஆட்டம். இரண்டும் கான்ஃபரன்ஸ் என்கிற ஒரே போட்டிக் குழுவைச் சேர்ந்தவை. ஒரே குழு என்பதால் ஒற்றுமை என்று நினைத்துவிடக் கூடாது. பங்காளிகளுக்குள் இருக்கிற ஒற்றுமைதான். இதை எழுதினால் கல்லூரியின் பெயரைப் போடக் கூடாது என்று வித்யா என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். ஆகவே ஒன்று நம் கல்லூரி, மற்றது பங்காளிக் கல்லூரி.

ஆட்டம் சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே எதற்குப் போக வேண்டும்? கல்யாணத்துக்கு முன்னால் மண்டபம் பார்க்கப் போகிறோமா இல்லையா? அந்தக் கணக்குத்தான். சண்முகம் இந்த ஆட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்திருந்தான்.

நியூ ஜெர்சித் தமிழர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் என்றைக்காவது ஒரு நாள் அரங்கேற்றம் வைத்தே ஆக வேண்டும். பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து பாட்டுக்காரரையும் மிருதங்கக்காரரையும் வரவழைத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, மூன்று மணி நேரம் பெண்ணை ஆடவைப்பது. வித்யா பன்னிரண்டாவது வயதில் சலங்கையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, இனிமேல் இதைக் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பத்து வருஷமாகச் சண்முகம் மற்றவர்கள் வீட்டு அரங்கேற்றங்களுக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்டி, சாப்பிட்டுவிட்டு வருகிறான். திருப்பி அழைக்க அவன் வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை. அந்தக் குறைதான் கடைசியில் கம்ப்யூட்டரில் அழைப்பிதழாக வெளிவந்தது. மேலே மஞ்சள் நிறத்தில் பிள்ளையார். கீழே, 'எங்கள் செல்வப் புதல்வி வித்யா பங்கேற்கும் லக்ராஸ் போட்டிக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறோம். ஆட்டத்துக்கு முன் பகல் பதினொன்றரைக்கு, கார் நிறுத்துமிடத்தில் விருந்து.' பங்காளிக் கல்லூரியின் பெயர், மணமகன் வீட்டார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

வழியில் பெட்ரோல் போட்டோம். காலன் ஒரு டாலருக்குச் சற்று மேல். நியூ ஜெர்சியில் நம் வண்டிக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாதாம். ஆள் வந்துதான் போடுவார். ராஜ்யத்திலேயே எனக்குப் பிடித்த சட்டம் இது. பிறகு எழுபத்தெட்டாம் எண் சாலையில் ஏறி மேற்கே போனோம்.

"எப்படி மாப்ள ஆடறா வித்யா?" என்றேன்.

"சூப்பருங் மாமா."

"நீ பாத்திருக்கியா?"

"அதான் பாத்ததில்லீங். எப்பக் கேட்டாலும் மழை வரும்பா, எக்ஸாம்பா, வெளியூர் மேட்ச்சும்பா. இந்தத் தடவை அவளைக் கேக்கவே இல்லை. நேரா இன்விடேஷனை ப்ரின்ட் பண்ணி எல்லாருக்கும் மெயில் பண்ணிட்டு, அப்புறமாத்தான் அவளுக்கு போன் பண்ணினேன்."

"என்ன சொன்னா?"

"ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லலைங். சந்தோஷம் போல."

லக்ராஸை அவளுக்குப் பிடித்துக் கொடுத்ததே இவன்தான். அவள் பள்ளியில் படிக்கும்போது ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ சொன்னாராம்: நல்ல காலேஜில் இடம் வேண்டுமென்றால் மார்க் மட்டும் பத்தாது, ஒரு விளையாட்டும் காட்ட வேண்டும், டென்னிஸ் ஆடாத இந்தியப் பிள்ளை கிடையாது, வேறு ஏதாவது பாருங்கள். அடுத்த வாரம் லக்ராஸ் மட்டை ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. காலேஜில் இடமும் கிடைத்தது. வந்த காரியம் முடிந்ததும் மட்டை கராஜுக்குப் போய்விடும் என்று எதிர்பார்த்தான். போகவில்லை.

டெலவர் ஆற்றுப் பாலத்தில் சுங்கம் ஐம்பது சென்ட். அதைத் தாண்டினால் பென்சில்வேனியா. மான்மவுத் ஜங்ஷனிலிருந்து நூற்று நாற்பது மைல் போய், பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்லூரி ஊரை அடைந்தோம். ஒரு தெரு, அதில் ஒரு வங்கி, ஒரு பிட்சா கடை, மூன்று தேவாலயங்கள். சுற்றிலும் தாழ்ந்த மலைகள். மரங்கள் இலை விடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. ஊருக்கு வெளியே நாற்பத்தொன்பது டாலர் வாடகையில் ஒரு மோட்டல் அறை. வித்யாவின் அணி சாயங்காலம் பயிற்சி செய்யும், வந்து பார்க்கலாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மூன்றரை மணிக்கு மைதானத்துக்குப் போனோம். லக்ராஸ் பார்த்திராதவர்களுக்காக: மாங்காய் பறிக்கிற தொறட்டியின் முனையில் சின்ன வலைப்பை கட்டியிருப்பார்களே, அதைக் குட்டையாக வெட்டி ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடுங்கள். அந்த வலையில் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடும்போது பந்து விழாமலிருக்க மட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; தொட்டில் ஆட்டுவது என்றே அதற்குப் பெயர். கடைசியில் வலை கட்டிய கோலுக்குள் பந்தை வீச வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதினால் எல்லோரும் நின்ற இடத்திலேயே சிலையாக நிற்க வேண்டும். இந்த ஒரு விதி எனக்கு உடனே புரிந்தது. நான் பள்ளியில் கபடி ஆடியபோது விசில் இல்லாமலேயே அப்படித்தான் நின்றேன்.

பச்சைச் சட்டைக்காரிகள் ஒரு பக்கம், மேலே மஞ்சள் பனியன் மாட்டியவர்கள் ஒரு பக்கம். வித்யா மஞ்சள், ஏழாம் நம்பர். குட்டைப் பாவாடை, முழங்காலில் பழைய காயங்கள், வாயில் பல்லுக்கு உறை. பந்து அவளிடம் வந்தது. வலப்பக்கம் ஓடினாள். காவலுக்கு வந்த பச்சைப் பெண் அந்தப் பக்கம் பாய்ந்ததும், ஒரு கணம் முதுகைக் காட்டிச் சுழன்று, மட்டையை இடக்கைக்கு மாற்றி, தரையோடு தரையாகப் பந்தை வீசினாள். கோல்.

சண்முகம் எழுந்து நின்று கைதட்டினான். பார்க்க வந்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. பயிற்சியாளர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். வித்யா மறுபடி அதே மாதிரி சுழன்றாள், மறுபடி கோல். மூன்றாவது முறை பச்சைப் பெண் பிடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் அம்மாள் அதற்குத்தான் கைதட்டினார். அதைக் கவனித்தபோது எனக்கு ஏதோ உறுத்தியது. சண்முகத்துக்கு ஒன்றும் உறுத்தவில்லை. "பாத்தீங்களா மாமா! பாத்தீங்களா!" என்று என் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில் எந்த மூலையில் நிழல் விழுகிறது என்று பார்த்துவரச் சண்முகம் போனான். வித்யா முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பேசுவது ஆங்கிலம். மாமா, அப்பா, ஐயோ, இந்த மூன்றும்தான் தமிழ். மற்றதை நான் தமிழாக்கியிருக்கிறேன்.

"ஏழாம் நம்பர் பிரமாதம்" என்றேன்.

"அது நான் இல்ல, மாமா."

"பின்னே?"

"நாளைக்கு வர்ற டீம்ல ஒருத்தி இருக்கா, நம்பர் செவன். இந்த கான்ஃபரன்ஸ்லயே பெஸ்ட் ப்ளேயர். அவளை நிறுத்தினா ஜெயிச்சிடலாம். எங்க டிஃபென்ஸ் பழகறதுக்கு ஒரு செவன் வேணும்ல? ரெண்டு வாரமா நான்தான் செவன். அவ ஆடின டேப்பைப் போட்டுப் போட்டுப் பாத்து, அவ ஓடற மாதிரி ஓடி, அவ திரும்பற மாதிரி திரும்பி..."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஒரிஜினலே வந்துடுவாளே. நான் எதுக்கு? நான் வெளியில நிப்பேன். நாலு வருஷமாவே நான் ரிசர்வ், மாமா. நாங்க பத்து கோல் முன்னாடி இருந்தா கடைசியில ரெண்டு நிமிஷம் விடுவாங்க. நாளைக்கு அப்படி ஆகாது."

வருத்தமாகச் சொல்லவில்லை. சமையல் முடிந்தது, பரிமாறுவது வேறு ஆள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். போலி ஏழாக இருப்பதில் தான் கெட்டிக்காரி என்றும், தன்னைப் பிடிக்கப் பழகியதால்தான் காவல்காரிகள் தேறினார்கள் என்றும் சொன்னபோது அவள் முகம் நன்றாகவே இருந்தது. அதன் பிறகுதான் மாறியது.

"எனக்கு இதுல வெக்கம் இல்ல. ஆனா அப்பா பதினஞ்சு பேரைக் கூப்பிட்டிருக்கார். பிள்ளையார் போட்டு! ஐயோ, மாமா! அத்தனை பேர் முன்னாடி அவர் முகம் எப்படி ஆகும்? அதை நான் எதிர்ல நின்னு பாக்கணும். ரெண்டு மணி நேரம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமாத் தெரியும். 'நான் சமைக்கிறேன், சொல்றதை வேற யாராச்சும் சொல்லுங்க'ன்னுட்டா. நீங்க சொல்லுங்க, மாமா. நீங்கதான் ரைட்டர் ஆச்சே."

எழுதுகிறவனுக்கு வாயாலும் சொல்ல வரும் என்று நம்புகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சரி என்றேன்.

ஆறரைக்குப் பிட்சா கடையில் உட்கார்ந்தோம். பெரிய பிட்சா ஒன்பது டாலர். "மாப்ள, ஒரு டீம்னா அதுல பல வேலை இருக்கும். எல்லாரும் ஒரே வேலை செய்ய முடியாது" என்று ஆரம்பித்தேன்.

"கரெக்டுங் மாமா. இவ்வளவு நல்லா ஆடறவளை ஏன் கேப்டன் ஆக்கலைன்னுதான் எனக்கும் புரியல" என்றான் சண்முகம்.

நான் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து, ஆடுகிறவர்களைவிட ஆடாமல் உதவுகிறவர்கள்தான் முக்கியம் என்ற கருத்தை, ஈரோட்டுக் கல்லூரி அலுவலகத்தை உதாரணம் காட்டி விளக்கினேன். அவன் ரொம்ப நேரம் தலையாட்டிவிட்டு, "உங்களுக்கு ப்ரமோஷன் தரலீங்களா மாமா?" என்று கேட்டான். அதோடு அன்றைய முயற்சியைக் கைவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரை. மோட்டலில் இலவசக் காலை உணவு. மாவை ஊற்றி மூடினால் வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பம் வருகிற இயந்திரம். வெந்ததும் அது கீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குத் துணிவு வந்தது.

"மாப்ள, வித்யா இன்னைக்கு ஆட மாட்டா."

"காலுங்களா?"

"காலுக்கு ஒண்ணுமில்ல. அவ ரிசர்வ். நாலு வருஷமா ரிசர்வ்தான். நேத்து நீ பாத்தது, இன்னைக்கு வரப்போற ஒரு பொண்ணு மாதிரி ஆடிக் காட்டறது. இவங்க பழகறதுக்காக."

சண்முகம் அப்பத்தின் மேல் பாகு ஊற்றிக்கொண்டிருந்தான். கட்டங்கள் எல்லாம் நிரம்பித் தட்டும் நிரம்பிய பிறகுதான் நிறுத்தினான்.

"எல்லாரையும் வர வேண்டாம்னு சொல்லிடலாங்" என்றான்.

வரவேற்பறைப் பொதுத் தொலைபேசியில் காசு போட்டு வீட்டுக்கு அழைத்தான். மாலதி கிளம்பியிருந்தாள். இயந்திரத்தில் பதிந்திருந்த சண்முகத்தின் குரலே எடுத்து, தாங்கள் இப்போது வீட்டில் இல்லை, செய்தியைச் சொல்லவும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. தன் குரலுக்கு என்ன செய்தி சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டான். மற்ற வீடுகளிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினைந்து பேரும் இரண்டு வேன்களில் சாலையில் இருந்தார்கள்.

"ஆடவே விடலைன்னா அப்புறம் எதுக்குங் மாமா தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடறா?"

"அவளையே கேளு" என்றேன்.

ஒன்பதரைக்கு அவளைப் பார்க்கப் போனான். அவள் விடுதிக்கு எதிரே ஒரு பெஞ்சில் நான் இருந்துகொண்டேன். தூரத்தில் புல்வெளியில் அப்பாவும் மகளும் நின்று பேசினார்கள். முதலில் அவள் பேசினாள். பிறகு அவன் பேசினான். பிறகு இரண்டு பேரும் வெவ்வேறு மரங்களைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவன் ஏதோ கேட்க, அவள் உள்ளே ஓடிப்போய் மட்டையை எடுத்து வந்து, மெதுவாக, மிக மெதுவாக, அந்தச் சுழற்சியைச் செய்து காட்டினாள். மறுபடி. மறுபடி. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையில் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறபோது கெமிஸ்டுகள் இப்படித்தான் நிற்பார்கள் போலிருக்கிறது.

திரும்பி வந்தவன், "இடது தோள்தானுங் முதல்ல இறங்கும்" என்றான்.

"யாருக்கு?"

"அந்த ஏழுக்கு. தோள் இறங்கிச்சுன்னா அவ திரும்பப் போறான்னு அர்த்தம். இவதான் டேப்பைப் பாத்துக் கண்டுபிடிச்சாளாம். வேற யாரும் கவனிக்கலையாம்."

"வர்றவங்களுக்கு என்ன சொல்லப் போறே?"

"உள்ளதைச் சொல்லிர்றேனுங்."

பதினொன்றரைக்கு வேன்கள் வந்தன. பெண்கள் பட்டுப்புடவையில் இறங்கினார்கள். அழைப்பிதழில் பிள்ளையார் இருந்தால் பட்டுத்தானே கட்ட வேண்டும்? பக்கத்து வண்டிகளில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, கரி அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தன. ஆட்டத்துக்கு முன் வண்டியடியில் சாப்பிடுவது இங்கே பழைய வழக்கம் என்பதால் எங்கள் அண்டாக்களை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. எடிசனிலிருந்து வந்த ராஜாமணி, வீடியோ கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு வந்தார். அவர் மனைவி பத்மா ஆன்ட்டி. இவர்கள் மகளின் அரங்கேற்றத்தில்தான் சண்முகம் கடைசியாகக் கைதட்டியது.

"சாப்பிட்டப்புறம் சொல்லுங்க" என்று மாலதி அவன் காதோரம் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் மன்னிக்கணுங்" என்றான். கையில் கரண்டி இருந்தது. "வித்யா இன்னைக்கு ஆடலைங்க. டீம்ல இருக்கா, ஆனா ரிசர்வ். எனக்கே காலையிலதான் தெரியும். உங்களை எல்லாம் மூணு மணி நேரம் ட்ரைவ் பண்ண வெச்சிட்டேன்."

பத்மா ஆன்ட்டி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அட, இவ்ளோதானா? நீங்க மூஞ்சிய வெச்சிருந்த லட்சணத்துக்கு நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்! ஏங்க, எங்க பொண்ணு அரங்கேற்றத்துல மூணு மணி நேரம் உக்காந்தீங்களே, உங்களுக்கு என்ன புரிஞ்சுது?"

சண்முகம் கரண்டியைப் பார்த்தான். "ஒண்ணும் புரியலைங்க."

"அப்பறம்? நாங்க மட்டும் இந்த கேம் புரிஞ்சா வந்தோம்? வித்யாவைப் பாக்கத்தான் வந்தோம். அவ ஓடிக்கிட்டே இருந்தா எது நம்ம பொண்ணுன்னே தெரியாது. ஒரே எடத்துல நின்னா நிம்மதியா பாக்கலாம்."

"கேமராவுக்கும் அதான் வசதி. ஃபோகஸ் மாத்தவே வேணாம்" என்றார் ராஜாமணி.

சண்முகம் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதி வழியில் வேறொன்றாக மாறிவிடும் போலிருக்கவே, குனிந்து காகிதத் தட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தான். பிரிந்த தட்டுகளையும் மறுபடி பிரித்தான்.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பங்காளிக் கல்லூரிக்காரர்கள் ஒரு பக்கம் நீலக்கொடி ஆட்டினார்கள்; நம் கல்லூரிக்காரர்கள் ஒரு பக்கம் பச்சைக்கொடி. நாங்கள் பதினேழு பேரும் கோலை விட்டு, கூட்டத்தை விட்டு, நம் அணியின் பெஞ்சுக்கு நேர் எதிரே வரிசையாக உட்கார்ந்தோம். பெஞ்ச் என்று பேர்தான், அதில் ஒருத்தியும் உட்காரவில்லை. எல்லைக்கோட்டோரம் நின்றுகொண்டே இருந்தார்கள். நடுவே வித்யா. மைதானத்துக்கு அப்பால் பட்டுப்புடவை வரிசை முழுவதும் ஆட்டத்தைப் பார்க்காமல் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண் ஏதோ கேட்டாள். வித்யா எங்களைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பெண் எங்களுக்குக் கையசைத்தாள். பதினேழு பேரும் திருப்பி அசைத்தோம். அதன் பிறகு துண்டு இறங்கிவிட்டது.

அசல் ஏழு உயரமான பெண். முதல் பாதியில் ஒருமுறை சுழன்று கோல் போட்டாள். "நேத்து பாத்தது இன்னும் சுத்தமா இருந்துச்சுங்" என்றான் சண்முகம் என்னிடம். முகத்தில் துளிக் கேலி இல்லை.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்பீர்கள். நம் கல்லூரி ஒரு கோலில் தோற்றது. வித்யா ஒரு நிமிஷமும் ஆடவில்லை. இரண்டாம் பாதியில் ஏதோ பெரிய கூச்சல் எழுந்தது. அந்தச் சமயம் நான் மிச்சத் தயிர்சாதத்தின் பேரில் வேனுக்குப் போயிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அழுத கண்களோடு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் பத்மா ஆன்ட்டி புளியோதரை போட்டாள். காரம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அழுகைக்கு அதுவும் ஒரு காரணமாகக் கிடைத்தது. இருட்டுவதற்குள் மான்மவுத் ஜங்ஷன் வந்து சேர்ந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ராஜாமணி கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை எனக்கு விமானம். சண்முகமும் மாலதியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படம். அதில் ஒரு கோல் கிடையாது, பந்தே கிடையாது. எல்லைக்கோட்டில் நிற்கும் வித்யா மட்டும்தான். அவள் குதித்தால் நமக்கு ஒரு கோல்; தலையில் கைவைத்தால் பங்காளிக்கு ஒன்று. விசில் கேட்டால் வெளியே நிற்கிற அவளும் சிலையாகிவிடுகிறாள். ஈரோட்டில் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜா பக்கம் பக்கமாக வசனம் பேசும்போது, ஓரமாக வேல் பிடித்துக் காவலாளியாக நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வருவோமே, அதேதான். லக்ராஸை எனக்கு முழுசாகப் புரியவைத்தது இந்தக் கேசட்தான்.

"தோள் எலும்பு தெரியுது பாருங்க. ஒழுங்கா சாப்பிடறாளா இல்லையா?" என்றாள் மாலதி.

"இரு, இரு" என்று சண்முகம் ரிமோட்டை எடுத்தான்.

இரண்டாம் பாதியில் ஓர் இடம். வித்யா நிற்கிறாள். திடீரென்று அவள் இடது தோள் இறங்குகிறது. கையில் மட்டை இல்லை. இல்லாத மட்டையை இடக்கைக்கு மாற்றுகிறாள். வாயைத் திறந்து ஏதோ கத்துகிறாள். அதற்கு அடுத்த கணம்தான், கேமராவுக்கு வெளியே, நான் தயிர்சாதத்தில் தவறவிட்ட அந்தக் கூச்சல் எழுகிறது. நம் காவல்காரி அசல் ஏழைப் பிடித்த இடம் அது என்றான் சண்முகம். சண்முகம் டேப்பைத் திருப்பிப் போட்டான். திருப்பித் திருப்பிப் போட்டான்.

அப்போது தொலைபேசி அடித்தது. மாலதி ஸ்பீக்கரை அழுத்தினாள். வித்யா.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"உன்னைத்தாண்டி பாத்துட்டிருக்கோம். ராஜாமணி அங்கிள் டேப்."

"முழுசாவா? ஐயோ, அப்பா! நான் ஒண்ணுமே பண்ணலையே. சும்மா நின்னுட்டிருந்தேன்."

"செகண்ட் ஹாஃப்ல அந்த ஏழு திரும்பறதுக்கு முன்னாடியே உன் தோள் இறங்கிச்சு கண்ணு" என்றான் சண்முகம். "அப்புறம்தான் கூட்டம் கத்துது."

லைன் போய்விட்டதோ என்று மாலதி பெட்டியைத் தட்டினாள்.

"நீங்க அதைப் பாத்தீங்களா, அப்பா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை போடுங்க. போனை டிவிகிட்ட கொண்டுபோங்க."

சண்முகம் டேப்பைத் திருப்பினான். ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு, சுருள் கம்பி நீளுகிற மட்டும் இழுத்து, டிவிக்கு முன்னால் மண்டிபோட்டு, அதன் ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்தான்.